வெர்டியின் குரலுக்கு முப்பது வயது

பழைய இசைத்தட்டுகளில் இரைச்சலை நீக்கி, உள்ளே புதைந்து கிடக்கும் பாட்டை வெளியே எடுக்கிற வேலைக்கு நம்மூர்ப் பிள்ளைகள் நாலைந்து பேர் வந்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிந்த தம்பி கதிர் சொன்னான். கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்தாறு வருஷம் அமெரிக்காவில், பார்சிப்பனியில் இதே வேலையைப் பார்த்தவள் நான். நம்மூர்க் கடைகள் இருக்கிற ஓக் ட்ரீ ரோட்டில் காய்கறி வாங்கும்போது யாராவது, "எந்த கம்பெனி ஆன்ட்டி?" என்று கேட்பார்கள். சொன்னால், "ஓ, இன்ட்ரஸ்டிங்" என்று தலையாட்டிவிட்டு முருங்கைக்காய் பொறுக்கப் போய்விடுவார்கள். இனிமேல் இந்த அவமானத்தில் பங்கு போட்டுக்கொள்ள நீங்களும் இருக்கிறீர்கள்.

தட்டை ஓட்ட எந்த ஊசி நல்லது, எந்த மென்பொருள் நல்லது என்றெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள். அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப்போகிறேன். அதற்காகத் தலையைக் குனிந்துகொண்டு சொல்வேன் என்று நினைக்க வேண்டாம். இத்தனை வருஷ வேலையில் எனக்கு அதிகப் பெருமை தந்ததும் அதே தப்புதான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் ஒரு கிட்டார்க்காரரின் தட்டைக் கொடுத்தார்கள். கேட்டால் பாட்டு நெடுக 'தொம் தொம்' என்று ஒரு சத்தம். தட்டு வளைந்திருக்கிறது போல என்று நினைத்து, மூன்று நாள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்தேன். என் மேலதிகாரி கேட்டுப் பார்த்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர் அவர். நியூவர்க்கில் பிறந்து வளர்ந்த அமெரிக்கப் பெண். "எல்லாம் சரி, அவருடைய காலை எங்கே போட்டாய்?" என்றார். அந்தத் தொம் தொம், கிட்டார்க்காரர் தரையில் காலைத் தட்டித் தட்டி வாசித்தது. மறுபடி முதலிலிருந்து செய்தேன். அன்றைக்கே எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டேன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

வெர்டியின் தட்டு என்னிடம் வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு நாலு வருஷம் முன்னால். வெர்டி என்பது அவருடைய உண்மைப் பெயர் இல்லை. குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் எல்லாப் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன், இணையத்தில் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கிழக்கு டெக்சாஸில் பருத்திக்காட்டுப் பக்கம் பிறந்த கறுப்பினப் பெண். ஊரார் துணிகளை வெளுத்து இஸ்திரி போட்டுக் கொடுப்பது பிழைப்பு, சனிக்கிழமை விருந்துகளில் பாடுவது இன்னொரு பிழைப்பு. ஏறக்குறைய நூறு வருஷத்துக்கு முன்னால் வடக்கேயிருந்து ஒரு கம்பெனி பதிவுக் கருவியோடு வந்து, டாலஸில் ஒரு ஹோட்டல் அறையை எடுத்து, சுவர்களில் கம்பளம் தொங்கவிட்டு, பாடத் தெரிந்தவர்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டது. வெர்டி ரயிலேறிப் போய், கூட ஒருவர் கிட்டார் வாசிக்க, இரண்டு பாட்டு பாடினார். தட்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. திரும்பவும் ரயிலேறி வந்து இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தார். யாரும் மறுபடி கூப்பிடவில்லை.

ப்ளூஸ் என்று நாம் சொல்கிற பாட்டுவகை இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த காலத்துக் குரல் அது. இந்த வகைப் பாட்டை ஆராய்கிறவர்களுக்கு வெர்டி என்றால் உயிர். தட்டில் மிஞ்சியது ஒரே ஒரு பிரதி. அதிலிருந்து முன்பு வந்த மறுவெளியீடுகளைக் கேட்டு எல்லாரும் ஒரே மாதிரி எழுதினார்கள். கீச்சுக் குரல், பதினைந்து வயதுக்கு மேல் இருக்காது, வெகுளிச் சிறுமி. அந்தக் கீச்சுக் குரலைப் பாவித்துப் பாடிப் பேர் வாங்கின பாடகிகளே இரண்டு தலைமுறை உண்டு.

ஓர் ஆவணக்காப்பகம் அந்தக் காலத்துத் தட்டுகளைத் தொகுத்து ஒரு பெட்டியாக வெளியிடத் திட்டம் போட்டு, சுத்தம் செய்கிற வேலையை எங்களிடம் கொடுத்தது. வெர்டி என் மேசைக்கு வந்தார். பழைய தட்டு எந்த வேகத்தில் பதிவானது என்று யாரும் எழுதி வைத்ததில்லை. நிமிஷத்துக்கு எழுபத்தெட்டு சுற்று என்பது பொது வழக்கம், அவ்வளவுதான். அதைச் சரிபார்க்க ஒரு வழி உண்டு. கிட்டாரில் விரல் வைக்காத தந்தி தனியாக ஒலிக்கும். அதை வைத்து வாசிப்பவர் எந்த விரல்வடிவம் பிடித்திருக்கிறார் என்று காதாலேயே சொல்லிவிடலாம். அந்த வடிவத்துக்கு உரிய சுருதி எது என்று எல்லாருக்கும் தெரியும். எழுபத்தெட்டில் ஓட்டினேன், சுருதி அச்சாகப் பொருந்தியது. அதற்குப் பிறகு யோசிக்க என்ன இருக்கிறது? கதிர் எழுதிய கருவியில் போட்டேன். குபெர்டினோவில் உட்கார்ந்து இந்த மாதிரி மென்பொருள் எழுதுகிறவன் கதிர், ஈரோட்டுக்காரன். அடியில் ஓடிய மின்சார ரீங்காரத்தை அது தானாகத் தேடி எடுத்துவிட்டது. பாட்டு முடிந்த பிறகு வந்த கரகரப்பை நானே வெட்டினேன். கேட்டால் கண்ணாடி மாதிரி இருந்தது. மாஸ்டர் பிரதி அச்சுக்குப் போனது.

வெர்டியின் மகள் மிஸ் ஏடா அப்போது உயிரோடு இருந்தார், எண்பத்தாறு வயது. மரியாதைக்காக அவருக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எனக்கு ஃபோன் வந்தது. அவர் பேசியது டெக்சாஸ் ஆங்கிலம், என் காதில் விழுந்தபடி தமிழில் சொல்கிறேன்.

"ரொம்ப சுத்தமா இருக்கும்மா. தட்டைக் கழுவிக் கவுத்து வெச்ச மாதிரி இருக்கு. ஆனா இது எங்கம்மா இல்ல."

நான் பொறுமையாகப் பேசுகிறேன் என்ற நினைப்பில் பேசினேன். நீங்கள் பிறக்கும் முன்பே பதிவானது, நீங்கள் கேட்டதெல்லாம் அவருடைய நாற்பது வயதுக் குரல், வயதானால் குரல் கனத்துவிடும் என்றேன்.

"இதச் சொல்ற மூணாவது ஆள் நீ. அந்தக் காலத்துல ரேடியோவுல போட்டாங்க, இது எங்கம்மா இல்லன்னேன். புத்தகம் எழுத ஒருத்தர் வந்தாரு, அவர்கிட்டயும் சொன்னேன். கிழவிக்கு ஞாபகம் தப்பிடுச்சுன்னு எழுதாத குறை. அந்தத் தட்டுல பாடுறப்ப எங்கம்மாவுக்கு முப்பது வயசு. எங்கம்மா முற்றத்துல பாடுனா தெருவுல போற ஆள் எந்த ஆம்பள பாடுறான்னு திரும்பிப் பாப்பான். எனக்கு எண்பத்தாறு ஆச்சு. போறதுக்குள்ள ஒரு தடவ அந்தக் குரலக் கேக்கணும்னு நெனச்சேன். நீ அனுப்புனது யாரோ சின்னப்பொண்ணு."

பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த நன்றிதான் என்னை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை. வீட்டில் என் கணவர், "என்ன, மூஞ்சி தொங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். "பெத்த பொண்ணுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். அந்த ஆளிடம் சொன்னதே தப்பு என்று எனக்கு எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை எடிசன் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ச் சபை ஆராதனையில் நான் பாடகர் குழுவில் கீழ்க்குரல். கீபோர்டு வாசிக்கிறவர் பகலில் ஐ.டி. வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர். எந்தப் பாட்டானாலும் ஒரே விரல்வடிவில்தான் வாசிப்பார், வேறு தெரியாது. அன்றைக்குப் பாட்டு வழக்கத்தைவிட இறங்கிக் கேட்டது. எட்டிப் பார்த்தால் விரல் பழைய இடத்திலேயே இருக்கிறது.

"என்ன தம்பி, சுருதி இறங்கிக் கெடக்கு?" என்றேன்.

"விரல் அதேதான் ஆன்ட்டி. லீட் பாடுறவங்களுக்கு இன்னிக்குத் தொண்ட சரியில்ல, அதான் ட்ரான்ஸ்போஸ் மைனஸ் டூ போட்டிருக்கேன்," என்றார்.

நம் தமிழ்ச் சபைகளில் எந்த ஊரிலும் நடக்கிற விஷயம்தான். விரலை மாற்றத் தெரியாதவர் பொத்தானை அமுக்கிப் பாடுகிறவருக்கு இறக்கிக் கொடுப்பார். வருஷக்கணக்காக அதற்குத்தான் நான் பாடிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குப் பிரசங்கம் என்ன என்று கேட்டால் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. வெர்டியின் கிட்டார்க்காரரிடம் பொத்தான் இல்லை, ஆனால் தந்தியைத் தளர்த்த அவருக்குத் தெரியாதா? கனமான குரலுக்காகத் தந்திகளை இறக்கிக் கட்டியிருந்தால், விரல்வடிவம் எனக்குச் சொன்னதெல்லாம் பொய். கருவி மெதுவாகச் சுற்றிப் பதிவாகியிருந்து, நான் வேகமாக ஓட்டியிருந்தால், இறக்கின சுருதி ஏறிப்போய் அச்சாகப் பொருந்தியது போலத்தான் காட்டும். கிட்டாரும் ஏறும், குரலும் ஏறும். முப்பது வயதுப் பெண் சிறுமியாகிவிடுவாள்.

இப்படியும் இருக்கலாம் என்பதுதானே தவிர, ஆதாரம் ஒன்றும் இல்லை. பாடகிக்காக இறங்காத, கிட்டார்க்காரருக்காக ஏறாத ஏதாவது ஒன்று அந்த அறையில் ஒலித்திருக்க வேண்டும். ஒன்று ஒலித்துக்கொண்டுதான் இருந்தது, அதை நான்தான் துடைத்துவிட்டிருந்தேன். மின்சாரக் கம்பியின் ரீங்காரம். ஃபிரிட்ஜின் மேல் காதை வைத்தால் கேட்குமே, அதே 'உம்ம்'. நம்மூரில் அது நொடிக்கு ஐம்பது அதிர்வு, அமெரிக்காவில் அறுபது. அந்த ஹோட்டல் அறையிலும் அறுபதாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

சபையின் வாகன நிறுத்தத்திலிருந்தே கதிரைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க்கா."

"கதிர், உன் டூல் ஹம்மை எடுக்குதுல்லா, எந்த ஃப்ரீக்வென்சில இருந்துச்சுன்னு எங்கயாவது எழுதி வைக்குமா?"

"லாக்ல இருக்குமுங்க்கா. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லைன் வருமே. நீங்க பாக்கறதில்லீங்களா?"

"பாக்கறதில்ல."

"மெனக்கெட்டு எழுதுனேங்க்கா," என்றான். பாவம்.

நேராக ஆபீசுக்குப் போய் அந்த வரியைத் திறந்தேன். அறுபதாக இருக்க வேண்டியது அறுபத்தேழு என்று இருந்தது. அந்த அளவுக்குத் தட்டை வேகமாக ஓட்டியிருக்கிறேன். எத்தனையோ பேர் எழுபத்தெட்டில் ஓட்டி ஏமாந்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்த எண்ணை என் கையில் கொண்டுவந்து கொடுத்த பிறகும் பார்க்காமல் துடைத்துப் போட்டவள் நான் ஒருத்திதான். சுத்தக்காரி என்ற மிதப்பு.

திங்கட்கிழமை காலை மேலதிகாரியின் அறைக்குப் போனேன். பெட்டி வெளியீட்டுக்குப் பத்து நாள் இருந்தது. மிஸ் ஏடாவின் ஊர் நூலகத்திலேயே விழா, அழைப்பெல்லாம் போய்விட்டது. தட்டுகள் அச்சாகிக்கொண்டிருந்தன. நான் சொன்னதை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உனக்கு எவ்வளவு நிச்சயம்?"

"தொண்ணூறு."

"தொண்ணூறை வைத்துக்கொண்டு அச்சை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மிச்சம் பத்தைக் கொண்டு வா. மதியம் வரைக்கும் நான் யாரிடமும் பேசவில்லை."

அந்த அரை நாளை நான் மறக்க மாட்டேன். அதே ஹோட்டல் அறையில் அதே நாளில் ஒரு பிரசங்கியாரும் பேசிப் பதிவு செய்திருந்தார். அவர் குரலைப் பெண்குரல் என்று கேலி செய்தே எழுதியிருந்தார்கள். அவருடைய தட்டின் துடைக்காத பிரதியை எடுத்து ரீங்காரத்தைப் பார்த்தேன். அதுவும் அறுபத்தேழு. அறுபதுக்கு வரும்வரை வேகத்தைக் குறைத்துக் கேட்டால், நெஞ்சிலிருந்து பேசுகிற முழு ஆம்பிளை. நூறு வருஷமாகக் கேலி வாங்கிய மனுஷன். மேலதிகாரி ஒரு காதில் ஹெட்ஃபோனை வைத்துக் கேட்டார், மறு கையால் ஃபோனை எடுத்தார்.

காப்பகத்தின் ஆய்வாளர் லேசில் விடவில்லை. "அந்தச் சிறுமிக் குரல்தான் வெர்டியின் அடையாளம். அதைக் கேட்டுத்தான் இத்தனை பேர் பாட வந்தார்கள். விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது இப்படிச் சொன்னால் எப்படி?" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அவர்கள் பாட வந்தது நல்லதுதான். ஆனால் வெர்டியின் மகள் மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் நாம் கேட்கவில்லை," என்றேன். என் மேலதிகாரி மெதுவாக, "இவள் செய்ததை இவளே தப்பு என்கிறாள். என் அனுபவத்தில் அதற்கு மேல் சாட்சி கிடையாது," என்றார். அச்சு நின்றது. அவர் இதை என்றைக்கும் சொல்லிக்காட்டியதில்லை.

மறுபடி முதலிலிருந்து செய்தேன், இந்தத் தடவை கையைக் கட்டிக்கொண்டு. ரீங்காரத்தைத் தணித்தேன், முழுக்க எடுக்கவில்லை. வெடிப்புகளை மட்டும் துடைத்தேன். பாட்டின் வாலை வெட்டப்போனபோது நிறுத்திக் கேட்டேன். கிட்டார் நின்ற பிறகு, கரகரப்புக்கு நடுவே, வெர்டி ஒரு சின்ன ஒலி எழுப்புகிறார். 'ம்ம்?' என்று. போதுமா என்று பதிவுக்காரரிடம் கேட்டிருப்பார் என்று நினைத்தேன். என்ன என்று தெரியாததை இனிமேல் வெட்டுவதில்லை என்ற முடிவில் அதையும் விட்டுவைத்தேன்.

பிறகு மிஸ் ஏடாவுக்கு ஃபோன் செய்தேன். "நீங்க சொன்னதுதான் சரி போலிருக்கு," என்றேன்.

"போலிருக்கா?" என்றார்.

"சரி. நீங்க சொன்னதுதான் சரி."

"அப்ப கம்ப்யூட்டர்ல அனுப்பாத. நீயே கொண்டு வா. ஏமாந்தா உன் முகத்தப் பாத்துச் சொல்லணும்."

டாலஸில் இறங்கி இரண்டு மணி நேரம் கார் ஓட்டினேன். சிறிய நூலகம், அறுபது எழுபது பேர், பாதிப்பேர் அந்த ஊர் சர்ச்சுக்காரர்கள். ஆய்வாளரும் வந்திருந்தார். மிஸ் ஏடா முன்வரிசையில் தொப்பி வைத்துக்கொண்டு, கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்கு முகமன் சொன்னாரே தவிரச் சிரிக்கவில்லை. நான் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்றேன். கணக்கு சரியாக இருந்தும் இந்த அம்மாள் இல்லை என்று தலையாட்டிவிட்டால் நான் எங்கே போவேன்?

பாட்டு ஆரம்பித்தது. கிட்டார் தணிந்து வந்தது. அதன் மேல் அந்தக் குரல். அவசரமில்லாத, களைத்த, யாருக்கும் பயப்படாத குரல். நான் நூறு தடவை கேட்டிருந்தேன், அந்த அறையில் கேட்டபோது எனக்கே புதிதாக இருந்தது. ஆய்வாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மிஸ் ஏடாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ஒரு தடவைகூடத் தலையாட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று நிமிஷமும் நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன், ஒன்றும் புரியவில்லை.

கிட்டார் நின்றது. கரகரப்பு ஓடியது. அதற்குள்ளிருந்து வெர்டி, "ம்ம்?" என்றார்.

"எஸ், மேம்," என்றார் மிஸ் ஏடா.

சத்தமாக, உடனே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். எண்பத்தாறு வயது மனுஷி. சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அழுதேன், அதை மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

கொஞ்சம் தேறினதும் அவர் சொன்னார்: "எனக்கு மூத்ததுங்க காலத்துலேருந்தே இஸ்திரி போட்டுக்கிட்டே பாடுவாங்க. நாங்க புள்ளைங்க வெளிய வெளையாடுவோம், ஜன்னல் வழியாத் தெரியாது. ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் 'ம்ம்?'னு கேப்பாங்க. எல்லாரும் இருக்கீங்களான்னு அர்த்தம். நாங்க எஸ் மேம் சொல்லணும். சொல்லலன்னா இஸ்திரிப் பெட்டிய வெச்சிட்டு வெளிய வருவாங்க, அது நல்லதுக்கு இல்ல." எல்லாரும் சிரித்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதுதான் எங்கம்மா," என்றார். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் பதில் சொன்னார்.

இப்போது எல்லாப் புத்தகத்திலும் வெர்டியைப் பற்றி மாற்றி எழுதிவிட்டார்கள். இளம் பாடகிகள் அந்தக் கனத்த குரலைக் கேட்டுப் பழகுகிறார்கள் என்று கேள்வி. பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, எழுத்து பொடியாக இருக்கும், கண்ணாடி போட்டால் தெரியும். எங்கள் வீட்டு ஹாலில் அந்தப் பெட்டியை எல்லார் கண்ணிலும் படும் இடத்தில்தான் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

மிஸ் ஏடா அடுத்த வருஷம் போய்விட்டார். அவர் பதில் சொன்ன அந்த 'ம்ம்?' இரண்டு நொடிகூட இருக்காது. முதல் தடவை அதைக் கரகரப்பு என்று நினைத்து வெட்டி எறிந்தவள் நான்.